புதுப்பட்டியின் இரு நூல்களும் கத்தோலிக்க அன்றாடமும்

தமிழகக் கத்தோலிக்க வாழ்வை ஆராய்ந்தவர்கள் பெரிதும் சார்ந்து நின்றவை இருவகைச் சான்றுகள்: 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி தொடங்கி இயேசு சபைக் குருக்கள் தம் மேலிடத்துக்கு எழுதியனுப்பிய மடல்கள் ஒன்று, பழைய இராமநாதபுரம் சீமையின் ஒரு கிராமத்தை ஆராய்ந்து டேவிட் மோஸ் 2012இல் வெளியிட்டது போன்ற மானிடவியல் நூல்கள் மற்றொன்று. மடல் எழுதிய குரு தம் உழைப்பின் பயனைக் கணக்கிட்டார். மானிடவியலாளர் சாதிக்கும் சடங்குக்கும் உள்ள உறவைத் தேடினார். காட்டுவேலை முடித்து வந்த உடம்போடு செபமாலை உருட்டியவர் அதைப்பற்றி என்ன நினைத்தார் என்பதை இவ்விரண்டும் அரிதாகவே சொல்கின்றன. அந்த இடத்தை நிரப்பும் எழுத்து வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியிலிருந்து, அதுவும் ஒரே வீட்டிலிருந்து வந்தது: அண்ணன் ராஜ் கௌதமன் (1950–2024), தங்கை பாமா (பிறப்பு 1958).

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த இவ்வூரில் நிலம் பெரும்பாலும் நாயக்கர்களிடமும் உழைப்பு பள்ளர், பறையர் தெருக்களிடமும் இருந்ததையும், பறையர் குடும்பங்கள் கத்தோலிக்கத்தைத் தழுவியிருந்ததையும் இருவரின் நூல்களும் பின்னணியாகக் கொள்கின்றன. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்த தன்வரலாறு; ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல் வந்த தன்வரலாற்று நாவல். முன்னது கோபத்தாலும் பின்னது எள்ளலாலும் நடப்பவை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் ஒரு பங்கின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள இறைமக்கள் குழுவின், அன்றாடம் முழுமையாகப் புலப்படுகிறது.

அந்த அன்றாடத்தின் முதற்பண்பு அச்சம். வினா விடையாக மனப்பாடம் செய்விக்கப்பட்ட ஞானோபதேசம், பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம், நற்கருணையை முதன்முறை உட்கொள்ளும் புதுநன்மை ஆகிய மூன்றும் குழந்தையின் ஆண்டுகளை அளந்தன. சொல்வதற்குப் பாவம் இல்லாத வயதிலும் பாவப்பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. பேயும் நரகமும் அண்டை வீட்டாரைப்போல நெருங்கி வாழ்ந்தன. ஆனால் அச்சத்தை மட்டும் பார்ப்பது குறைப்பார்வை. கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்புப் பெருவிழா, சப்பரம் சுற்றிவரும் திருவிழா ஆகியவை ஓயாத கூலியுழைப்பினிடையே புத்தாடையும் பாட்டும் விருந்தும் தந்த நாள்கள் என்பதைப் பாமா மகிழ்ச்சியோடுதான் எழுதுகிறார். தாம் விட்டு விலகிய ஒன்றின்மேல் உள்ள பாசத்தை அவர் மறைக்கவில்லை.

அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையேயுள்ள எட்டு ஆண்டுகள் திருச்சபை வரலாற்றில் சிறிய இடைவெளி அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் இலத்தீன் பூசையின் இடத்தில் மக்கள் மொழிக்கு வழிதிறந்தது. 1965இன் இறைவெளிப்பாட்டுச் சாசனம் விவிலியத்தை அனைவரும் எளிதாக அணுக வேண்டும் என்றது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு இரண்டரை நூற்றாண்டு ஆகியிருந்தும், கத்தோலிக்கக் குடும்பங்களின் பக்தியை அதுவரை தாங்கியவை செபப் புத்தகங்களும் புனிதர் வரலாறுகளுமே. சங்கத்துக்குப் பின்னரே விவிலியம் வீட்டுக்குள் வந்தது. சீர்திருத்தத் திருச்சபைகளுடன் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது.

வழிபாட்டை இந்திய மண்ணுக்கு ஏற்ப மாற்றும் பண்பாட்டுமயமாக்க முயற்சியும் இக்காலத்ததே. பெங்களூருவில் கத்தோலிக்கத் திருச்சபையின் தேசிய மையத்தை நடத்திய து. ச. அமலோர்பவதாஸ் முன்னின்ற இப்பணியில் குத்துவிளக்கு, ஆரத்தி, தரையில் அமர்தல் உள்ளிட்ட பன்னிரு மாற்றங்களுக்கு உரோமை 1969இல் இசைவளித்தது. எண்ணம் நல்லதே. எனினும் ‘இந்தியப் பண்பாடு’ என்று தெரிவு செய்யப்பட்டவற்றில் மேல்சாதிக் கோயில் வழக்கமே மிகுந்திருந்தது என்றும், சேரியின் பறைக்கு அதில் இடமில்லை என்றும் தலித் இறையியலாளர்கள் பின்னாளில் எழுப்பிய மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது.

விவிலியம் கைக்கு வந்ததன் விளைவு ‘கருக்கு’வில் தெரிகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கும் விருப்பத்தோடு துறவு மடத்தில் சேர்ந்த பாமா, அங்கே வறுமை வார்த்தைப்பாடு என்னும் உறுதிமொழிக்கு நடுவே வசதியும், வசதி படைத்தவர் பிள்ளைகளுக்கான பள்ளியும், தலித் பெண்களை ஏற்காத சபைகள் உண்டு என்ற செய்தியும் கண்டு கேட்டு, ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறினார். நீதிக்காக நின்ற இயேசுவை விவிலியத்தில் கண்ட அவர், தம் மக்களுக்குப் பணிவும் பொறுமையும் மட்டுமே போதிக்கப்பட்டதைக் கேள்வி கேட்கிறார். இறைவார்த்தையை இருபுறமும் கூர்மையான வாளோடு ஒப்பிடும் எபிரேயர் திருமுகத்தை நூலின் முன்னுரை சுட்டுவது தற்செயல் அன்று. திருச்சபையை அளக்க அவர் எடுத்த கோல் திருச்சபையே தந்த நூல்தான்.

அண்ணனின் கேள்வி வேறு திசையில் செல்கிறது. இயேசு சபையினரின் கல்வி நிலையங்களில் படித்து வளரும் சிலுவைராஜ், வேலைக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்படும் கட்டத்தில் சமயம் மாறுகிறான். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. கோவிலுக்குள்ளும் தெருவிலும் தீண்டாமைக்கு ஆளானவருக்கு அரசு அலுவலகம் மட்டும் ‘நீ பட்டியலில் இல்லை’ என்று சொன்னதன் அபத்தத்தை ராஜ் கௌதமன் சிரிப்பாக்கினார். ஆணையங்களின் அறிக்கைகளைவிட அச்சிரிப்பு இச்சிக்கலைத் தெளிவாக விளக்குகிறது. இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தை 2016இல் வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஏற்றுக்கொண்டது. ‘கருக்கு’ வெளிவந்து அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

திறனாய்வாளர்கள் இவ்விரு நூல்களையும் தலித் இலக்கியமாக விரிவாக ஆராய்ந்த அளவுக்குச் சமய வாழ்வின் ஆவணங்களாக ஆராயவில்லை; முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கரை எழுதிய ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நாவலோடு ஒப்பிட்டால் கடற்கரைப் பங்குக்கும் மலையடிவாரப் பங்குக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். பாமாவின் ‘வன்மம்’ (2002) இன்னொரு நகர்வைக் காட்டுகிறது. அதில் கிறிஸ்தவப் பறையருக்கும் இந்துப் பள்ளருக்கும் மூண்ட பகையைத் தீர்ப்பது பூசையோ பிரசங்கமோ அன்று; இரு தெருக்களின் படித்த இளைஞர்கள் பேசி இணைந்து, ஊராட்சித் தேர்தலில் ஒன்றாக நிற்கிறார்கள்.