நல்லூர்க் கட்டியமும் வரலாற்றுச் சான்றும்

மகாவம்சத்தை எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பது குறித்துத் தமிழ்க் கல்வியுலகில் ஏறத்தாழ ஒருமித்த கருத்து நிலவுகின்றது. அந்நூல் கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவில் அநுராதபுரத்து மகாவிகாரையைச் சார்ந்த பிக்கு ஒருவராற் பாளி மொழியில் இயற்றப்பட்டது. நல்லோரிடத்து இறையுணர்வையும் மன எழுச்சியையும் தோற்றுவிக்கவே அது எழுதப்பட்டதென்பதை அதன் அதிகார முடிவுகள் ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றன. 1837இல் ஜோர்ஜ் ரேணரும் 1912இல் வில்ஹெல்ம் கைகரும் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புகள் அதனை உலகறியச் செய்தன. குடியேற்ற ஆட்சியின் கல்விமுறையினூடாகவும் பின்னர் சுதந்திர இலங்கையின் பாடநூல்களினூடாகவும் ஒரு விகாரையின் நூல் ஒரு நாட்டின் அதிகாரபூர்வ வரலாறு என்னும் தகுதியைப் பெற்றது. யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எதனை விடுத்தார் என்னும் வினாக்களை அதன்மீது எழுப்புவது தமிழ் மாணவருக்குப் பழகிப்போன பயிற்சியாகும்.

இப்பயிற்சி முறையானதே. ஆயின் அயலவரின் நூலை அளக்க எடுத்த கோலைத் தம் நூலை அளக்குமிடத்துக் கீழே வைத்துவிடும் வழக்கமும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்துள்ளது. யாழ்ப்பாண வைபவமாலை பற்றி மேடைகளிலும் மலர்களிலும் வெளிவரும் கூற்றுகள் பல இதற்குச் சான்று பகர்வன. மகாவம்சத்தில் ‘ஐதீகம்’ எனப்படுவது வைபவமாலையில் ‘மரபு’ எனப்படுகின்றது. அங்கே ‘புனைவு’ எனப்படுவது இங்கே ‘முன்னோர் வாக்கு’ ஆகின்றது. அளவுகோல் ஒன்றாக இல்லாதவிடத்து நடைபெறுவது ஆய்வன்று, வழக்காடலே.

வைபவமாலையின் பிறப்பை முதலில் நோக்குதல் தகும். மாதகல் மயில்வாகனப் புலவர் அதனை உரைநடையில் இயற்றியது மேக்கறூன் என்னும் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளின்பேரிலாகும் என்று அதன் சிறப்புப் பாயிரமே தெரிவிக்கின்றது. அக்காலம் 1736 அளவினது என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஆட்சியாளன் ஒருவன் தான் ஆளும் மக்களின் பழைமையை அறிய விரும்பினான். மக்களுட் கற்றோர் ஒருவர் அவன் கேட்டதற்கேற்ப எழுதிக் கொடுத்தார். இவ்வகையில் வைபவமாலையும் ஓர் அதிகாரத்தின் நிழலில் எழுந்த வரலாறேயாம். இதனாற் புலவரின் நேர்மை குறைவுபடாது. தம் மூலங்கள் கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என அவர் பெயர் சுட்டியமை அக்கால எழுத்தாளரிடத்து அரிதாகக் காணப்படும் பண்பாகும். ஆயின் அந்நான்கனுள் பின்னைய இரண்டும் இன்று கிடைத்தில. ஆகவே வைபவமாலையின் ஒரு பகுதியை அதன் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வழி அடைபட்டுள்ளது.

நூலின் உள்ளேயும் அது எழுந்த காலத்தின் தடயங்கள் உள. பரராசசேகரனின் அவையில் சுபதிட்டு முனிவர் கூறியதாக வரும் தீர்க்கதரிசனம் பறங்கியரின் வருகையையும் ஒல்லாந்தரின் வருகையையும் முன்கூட்டியே அறிவிக்கின்றது. நடந்து முடிந்ததனை நடக்கப்போவதாக உரைப்பது பழைய நூல்களிற் காணப்படும் பொதுவான உத்தி. அவ்வுத்தி பரராசசேகரனின் காலத்தைப் பற்றிச் சொல்வது சிறிது. ஒல்லாந்தர் ஆட்சியின் கீழ் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் தம் வீழ்ச்சியை எவ்வாறு விளங்கிக் கொண்டனர் என்பதைப் பற்றிச் சொல்வதோ மிகப் பெரிது. ஒரு நூல் தான் கூறும் காலத்துக்குச் சான்றாகாதவிடத்தும் தான் எழுந்த காலத்துக்குச் சான்றாகும் என்பது சான்றாய்வின் முதற் பாடமாகும்.

இப்பாடத்தைப் பரீட்சிப்பதற்கு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தோற்றம் பற்றிய பிரச்சினையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைத்தல் அரிது. இதுபற்றி இரு சான்றுகள் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கின்றன.

முதலாவது, கைலாயமாலையோடு சேர்த்து வழங்கிவரும் தனிச்செய்யுள் ஒன்று. சக வருடம் 870இல், அதாவது கி.பி. 948இல், புவனேகவாகு என்பான் யாழ்ப்பாண நகரைக் கட்டுவித்து நல்லூரிற் கந்தவேளுக்குக் கோயிலும் அமைத்தான் என்று அது கூறுகின்றது. மரபு இப்புவனேகவாகுவை முதல் ஆரியச் சக்கரவர்த்தியின் மந்திரியாகக் கொள்கின்றது. இரண்டாவது, கோயிலில் இன்றும் ஓதப்படும் கட்டியம். அது ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்னும் பெயரைச் சொல்லிப் போற்றுகின்றது.

செய்யுளின் காலக்கணக்கு ஏற்கத்தக்கதன்று. ஆரியச் சக்கரவர்த்திகள் பிற சான்றுகளில் முதன்முதலாகத் தெளிவாகப் புலப்படுவது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். பாண்டியரின் பொருட்டு யாப்பகூவாமீது படையெடுத்துத் தந்ததாதுவைக் கவர்ந்து சென்ற ஆரியச் சக்கரவர்த்தியைச் சூளவம்சம் குறிப்பிடுகின்றது. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா அப்பட்டத்தையுடைய மன்னனைத் தாமே சந்தித்தமையை எழுதிவைத்துள்ளார். 948இல் அவ்வம்சத்து அரசன் ஒருவனோ அவனுக்கு மந்திரியோ இருந்தமைக்கு வேறெந்த ஆதாரமும் இல்லை. இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தோர் சிலர் 870 என்பதனை 1170 எனத் திருத்திக் கி.பி. 1248 என்னும் ஆண்டைப் பெற்றனர். முடிவை முன்னரே தீர்மானித்துக்கொண்டு அதற்கேற்பச் சான்றைத் திருத்துவது மகாவம்சத்தைக் கையாளும் பிறர்பாற் காணப்படின் எவ்வாறு கண்டிக்கப்படுமோ அவ்வாறே இதுவும் கண்டிக்கப்படவேண்டும்.

கட்டியம் வேறுவகைச் சான்று. சிறீசங்கபோ என்பது சிங்கள அரசர் முடிசூடும்போது தரித்த பட்டப்பெயர்களுள் ஒன்று. யாழ்ப்பாண அரசர் தரித்த பட்டங்களோ செகராசசேகரன், பரராசசேகரன் என்பன. மந்திரி ஒருவன் அயல்நாட்டு அரசரின் முடிசூட்டுப் பட்டத்தைத் தாங்கினான் என்பது நம்பத்தக்கதன்று. ஆகவே கட்டியம் போற்றுபவன் ஓர் அரசனேயாவான். கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகனான சப்புமல் குமாரன், தமிழ் மரபில் செண்பகப் பெருமாள் எனப்படுபவன், 1450 அளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். அவன் யாழ்ப்பாணத்திலிருந்த காலத்திலேயே அவனுக்குத் தூதாகக் குயிலை அனுப்பும் கோகில சந்தேசய என்னும் சிங்களக் காவியம் பாடப்பட்டது. பின்னர் அவன் தெற்கே சென்று கோட்டை அரியணையைக் கைப்பற்றிப் புவனேகபாகு என்னும் பெயருடன் ஆட்சிபுரிந்தான். அவனே கட்டியத்திற் சுட்டப்படுபவன் என்னும் கருத்தை வண. சுவாமி ஞானப்பிரகாசர் முதலானோர் முன்வைத்தனர்.

இக்கருத்துக்கு எழுந்த எதிர்ப்புகளுட் சில சான்றைப் பற்றியனவல்ல. சான்றை எடுத்துக்காட்டியவரைப் பற்றியன. கத்தோலிக்கத் துறவி ஒருவர் சைவக் கோயிலின் வரலாற்றைக் கூறுவதா என்பது அவற்றின் சாரம். ஒருவரின் சமயம் அவர் எங்கே சறுக்கக்கூடும் என்று எச்சரிக்கலாம். அவர் சறுக்கினார் என்பதை நிறுவமாட்டாது. மேற்படி கருத்தைச் சான்றின் அடிப்படையில் மறுப்பதற்கு வழியில்லாமலில்லை.

சப்புமல் குமாரன் புவனேகபாகு என்னும் பெயரைப் பெற்றது யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற பின்னரே. அவ்வாறாயின் யாழ்ப்பாணத்திலிருந்தபோது அவன் கட்டிய கோயிலில் அப்பெயர் எவ்வாறு இடம்பெற்றது? கட்டியத்தின் அப்பகுதி அவன் கோட்டையில் முடிசூடிய பின்னரே அமைந்திருத்தல் வேண்டும். அப்போது யாழ்ப்பாணம் மீண்டும் கனகசூரிய சிங்கையாரியனின் கையில் இருந்தது. தன்னை நாட்டைவிட்டு ஓடச்செய்தவனின் புகழைத் தன் தலைநகரக் கோயிலில் ஓதுவதற்கு அவன் ஏன் இடமளித்தான்? இவ்வினாவுக்கு நிறைவான விடை இதுவரை கூறப்படவில்லை. மேலும், போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேறா 1621இல் பழைய கோயிலை இடித்தழித்தான். இன்றைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில் வேறிடத்தில் எழுந்தது. இடையிலே நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கட்டியம் எவர் நாவில், எவ்வடிவில் வாழ்ந்தது என்பதும் கேட்கப்படவேண்டிய வினாவே.

எனினும் கட்டியத்தை ஒதுக்கிவிட முடியாது. அதனைப் பேணியோர் சைவத் தமிழர். அவர்தம் பெருமையை அது கூட்டவில்லை. தம் விருப்பத்துக்கு இசைவாக ஒன்றைப் புனைந்திருப்பின், அவர்கள் சிங்கள அரசரின் பட்டத்தைத் தேர்ந்திருக்கமாட்டார்கள். சான்றை வழங்குவோரின் நலனுக்கு மாறாக நிற்கும் சான்று கூடுதலான நம்பிக்கைக்கு உரியது என்னும் விதி இங்கே பொருந்துகின்றது. ஆனால் அச்சான்று எதற்குச் சான்று என்பதிலும் கவனம் வேண்டும். கட்டியம் கொடையாளனைப் போற்றுவது. முதற் கல்லை வைத்தவன் யார் எனத் தீர்ப்பதற்காக எழுந்ததன்று. ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு இக்கோயிலுக்குப் பெருங்கொடை புரிந்த புரவலன் என்பதுவரை அதனைக் கொண்டு செல்லலாம். அவனுக்கு முன்னர் அங்கே கோயில் இருந்ததா, அவன் கட்டினானா, புதுக்கினானா என்பவற்றுக்குக் கட்டியம் மட்டும் விடை தராது.

வைபவமாலையின் பயனும் இவ்விடத்தில் வெளிப்படுகின்றது. யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியவனை அது விசயவாகு எனப் பெயர் மாற்றிக் கூறுகின்றது. நிகழ்ச்சியையும் சிங்களவரின் கலகமாகவே காட்டுகின்றது. ஆயின் அவன் ஆட்சி 17 ஆண்டு நீடித்தது என்கின்றது. 1450இலிருந்து கணக்கிடின் அது 1467இல் முடிகின்றது. ஆறாம் பராக்கிரமபாகு இறந்ததும் அரசுரிமைப் போட்டி கோட்டையில் எழுந்ததும் அக்காலத்திலேதான். பெயரிலும் காரணத்திலும் தவறிய நூல் கால அளவில் பெரிதும் பொருந்தி நிற்கின்றது. ஒரு நூலை முற்றாக நம்புதலும் முற்றாகத் தள்ளுதலும் உழைப்பைத் தவிர்க்கும் இருவழிகளேயாம். கூற்றுக்குக் கூற்று பிரித்து ஆராய்தலே விமரிசனம்.

இப்பிரச்சினை கோயில் வரலாற்றோடு நின்றுவிடுவதன்று. நல்லூரைக் கட்டியவன் சிங்கள இளவரசன் என்பதனை யாழ்ப்பாணத்தின்மீது உரிமை கோருவதற்கான சாசனமாக ஒருசாரார் கையாளுகின்றனர். அக்கூற்றை அஞ்சி மறுசாரார் கட்டியத்தையே மறைக்க முற்படுகின்றனர். இருவரும் 15ஆம் நூற்றாண்டின்மீது 20ஆம் நூற்றாண்டின் இனப் பிரிவினையைச் சுமத்துகின்றனர். சப்புமல் குமாரனின் தந்தை எதிர்க்கரையிலிருந்து வந்த பணிக்கர் ஒருவர் எனப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கூட்டோ எழுதியுள்ளார். அக்கூற்றும் ஆய்வுக்குரியதே. ஆயினும் கடல் கடந்து வந்த குடும்பத்தவனாகக் கருதப்பட்ட ஒருவன் சிங்கள மன்னனின் மகனாக வளர்ந்து, தமிழ் அரசை வென்று, முருகன் கோயிலுக்குப் புரவலனாக விளங்கி, பின் கோட்டையில் முடிசூடினான் என்று கொள்வதில் அக்காலத்தவருக்கு முரண்பாடு தோன்றியிராது. முரண்பாடு பின்வந்தோரின் கண்களில் உள்ளது.

சான்றுகளின் முன்னே தம் முடிவுகளை மாற்றிக்கொள்ளும் துணிவும் இத்துறைக்கு இன்றியமையாதது. இதற்கு முன்மாதிரி தமிழ் வரலாற்றாய்விலேயே உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு 1965இல் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இலங்கையிற் தமிழர் குடியேற்றங்களின் காலம் பற்றித் தாம் எய்திய முடிவுகளை 2005இல் வெளியிட்ட நூலில் தாமே திருத்தியமைத்தார். இடைப்பட்ட காலத்தில், 1980இல் ஆனைக்கோட்டையில் நிகழ்ந்த அகழ்வு உள்ளிட்ட தொல்லியற் பணிகள், பெருங்கற்காலப் பண்பாட்டின் தடயங்களையும் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையையும் வெளிக்கொணர்ந்திருந்தன. அவரின் முன்னைய முடிவை வெறுத்துத் தூற்றியோர் அதனை மாற்றவில்லை. மண்ணிலிருந்து வந்த சான்றே மாற்றியது.

1981 யூன் முதலாம் நாள் புலருமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. சான்றுகளை இழந்த சமூகத்துக்கு எஞ்சியுள்ளவற்றைக் கூட்டிச் சொல்லும் ஆசை எழுவது இயல்பு. ஆயின் எஞ்சியது சிறிதாகும்போது அதன் நம்பகத்தன்மையே அச்சமூகத்தின் பெருஞ்செல்வமாகின்றது. ஒரு செய்யுளின் ஆண்டை விருப்பம்போல் திருத்துவோரும் ஒரு கட்டியத்தின் பெயரை வசதிக்காக மறைப்போரும் தீயினின்றும் தப்பியதைத் தம் கையாலேயே அழிப்போராவர். அதிகாரபூர்வ வரலாற்றை வினவும் உரிமை, தம் வரலாற்றையும் அதே கடுமையோடு வினவுவோருக்கே உரியது.