திண்ணை வைத்த சத்திரம்

ஏரல் பாலத்தில் தாமிரவருணியைத் தாண்டினால் குரும்பூர், அதற்கப்பால் திருச்செந்தூர். பஸ் வருமுன் இந்தத் தொலைவெல்லாம் நடையும் மாட்டுவண்டியும்தான். வழியில் தங்கச் சத்திரம் வேண்டும். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் தென்பாண்டிச் சாலைகளோடும் சத்திரங்களோடும் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

பழைய சத்திரத்தில் எனக்குப் பிடித்தது திண்ணை. கதவைத் தட்ட வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். தெருவிலிருந்து ஏறித் துண்டை விரித்துவிடலாம். உள்ளே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்கட்டில் அடுப்படியும் கிணறும். தடித்த சுண்ணாம்புச் சுவர் வெயிலைத் தடுக்கும். புகையும் புழுக்கமும் முற்றம் வழியே மேலே போய்விடும். எங்கள் பக்கத்தில் கூரைக்கு வைரம் பாய்ந்த பனங்கை போடுவார்கள். கறையான் லேசில் அண்டாது. சாலையோரம் சுமைதாங்கிக் கல். ஒத்தாசைக்கு ஆளில்லாமலே தலைச்சுமையை இறக்கலாம், ஏற்றலாம். பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம்.

சாதி பார்த்துப் பந்தி போட்டவையும் சத்திரங்கள்தான்; அதை மறைத்துப் புகழ எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் 1801-இல் தஞ்சை சரபோஜி, சத்திரங்களைத் தம்மிடமே விடும்படி கம்பெனி அதிகாரிக்கு எழுதிய கடிதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. வழிப்போக்கருக்குச் சோறு மட்டுமா? நோயாளிக்கு வைத்தியரும் மருந்தும் உண்டு என்று விவரித்தார். இன்றைய லாட்ஜில் முதலில் கேட்பது ஆதார் அட்டை.