வென்றவர் சொன்ன கதை

மட்டக்களப்புப் பிரதேசத்தின் குலக்கதைகளுள் திமிலர் – முக்குவர் போர்க்கதை பெரிதும் அறியப்பட்டது. வாவியும் அதன் கரைநிலமும் எவர்க்குரியன என்பதே வழக்கு. தனித்து வெல்ல இயலாத முக்குவர், பட்டாணியர் எனக் கதை குறிக்கும் முஸ்லிம்களின் துணையை நாடினர். திமிலர் தோற்று, வடக்கே வெருகல் வரை துரத்தப்பட்டனர். துணைநின்றோர் முக்குவப் பெண்களை மணந்து, ஏறாவூரில் எல்லைக் காவலராய் அமர்ந்தனர். பொத்துவில் முதலாய கரையோர ஊர்களில் இரு சமூகத்தாரிடையேயும் நிலவும் தாய்வழிக் குடிமுறைக்கு இம்மணங்களையே காரணமாகக் காட்டுவாரும் உளர்.

தமிழ் – முஸ்லிம் உறவின் பழமைக்குச் சான்றாக இக்கதை எடுத்தாளப்படுவதுண்டு. அந்நோக்கம் போற்றத்தக்கதே. எனினும், இதனை வரலாறாகவன்றி இலக்கியமாக நோக்குமிடத்துச் சில வினாக்கள் எழுகின்றன.

முதலாவது, இந்த நட்பு எதன்மேல் எழுந்தது? பொதுப் பகைவன் ஒருவன்மேல். துணைக்கு விலையாகக் கைமாறியவர் பெண்கள். அவர்கள் விருப்பத்தைக் கதை கேட்கவேயில்லை. இரண்டாவது, திமிலர் என்ன சொன்னார்கள்? அவர்களுக்கு இக்கதையில் ஓடுவதற்குக் கால்கள் உண்டு. பேசுவதற்கு வாய் இல்லை.

இஃது இக்கதைக்கு மட்டும் உரிய குறையன்று. வெட்சித்திணையை வகுத்த தொல்காப்பியர், பிறர் நிலத்து ஆநிரையைக் களவாற் கவர்ந்து வருவதோடு அதனைப் பேணுதலையும் சேர்த்தே இலக்கணமாக்கினார். கவர்ந்தவனே காவலனாகிவிடுகிறான்! தம்முள் ஓயாது பொருத மூவேந்தரும் பறம்பு மலையைக் கொள்வதற்கு மட்டும் ஒன்றுகூடினர். ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. பாரியின் பக்கத்தில் கபிலர் நின்றார். பாரி மகளிரின் பாட்டும் புறநானூற்றில் நிலைத்தது. வென்ற மூவரினும் தோற்ற ஒருவனே நம் நெஞ்சில் வாழ்வது அதனாலன்றோ! திமிலர்க்கு ஒரு கபிலர் வாய்க்கவில்லை.

1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ இப்பகுதியின் குலமரபுகளை அழியாது காத்தது. அப்பணிக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் காத்தல் வேறு, கற்பித்தல் வேறு. போரின் நினைவாகக் கூறப்படும் ஊர்ப்பெயர்களை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர், அவ்வூர்களின் பிற்காலத்தையும் மறைத்தலாகாது. 1990 ஆகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம்களும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்களும் குழந்தைகள் உட்படக் கொல்லப்பட்டனர். பழைய கூட்டணியின் கதை ஓர் உயிரையேனும் காக்கவில்லை. காக்கவும் இயலாது, பகைவனை வைத்துக் கட்டிய நட்பு, பகைவன் மாறும்போது தானும் மாறும்.

ஆகவே ஒற்றுமைக்கு இக்கதையைச் சான்றாக்குவதிலும் எச்சரிக்கையாக்குவதே தகும். களப்பில் வலை வீசுவோனும் வயலில் நெல் விதைப்போனும் எக்குடியினராயினும் அவர்களைப் பிணைப்பது உழைப்பு. நிலத்துக்கான வழக்கை அவ்வுழைப்பின் பக்கம் நின்று பேசும் இலக்கியமே இன்று வேண்டப்படுவது. அது எழுதப்படும்போது, திமிலர்க்கும் அதில் ஒரு குரல் இருத்தல் வேண்டும்.