படைத்தவன் கடமை: 'ஃபிராங்கன்ஸ்டைன்' புதினத்திலும் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' அனிமே தொடரிலும் கைவிடப்படும் படைப்புயிர்

ஆய்வுச் சுருக்கம்

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) புதினமும், ஹிரோமு அரகாவாவின் மங்காவைத் தழுவி 2003–2004இல் 51 பகுதிகளாக ஒளிபரப்பான 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' தொடரும் மனிதன் மனித உயிரைப் படைக்க முயல்வதைக் கருவாகக் கொண்டவை. படைக்கும் முயற்சியைவிட, படைத்ததைக் கைவிடுதலே இரண்டிலும் மையக் குற்றமாகிறது என்பதையும், கைவிடப்பட்ட உயிருக்குப் பேச்சுரிமை வழங்குவதில் புதினமே மேலோங்கி நிற்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஒப்பிலக்கியம், அனிமே, இரசவாதம், படைப்புயிர், பொறுப்பு

முன்னுரை

'ஃபிராங்கன்ஸ்டைன்' பெரும்பாலும் அறிவியலின் வரம்புமீறலைக் கண்டிக்கும் கதையாகவே வாசிக்கப்படுகிறது. இறந்தோரை மீட்டல் இரசவாதத்தின் தலையாய விலக்கு என்று கூறும் அனிமே தொடரும் அவ்வகை வாசிப்புக்கே இடந்தருவதுபோலத் தோன்றுகிறது. ஆயினும் இரு பனுவல்களின் நிகழ்ச்சிகளையும் உற்றுநோக்கின், அழிவு தொடங்கும் இடம் வேறு என்பது புலனாகும். 2009இல் தொடங்கிய இரண்டாம் தொடர் மங்காவை நெருக்கமாகப் பின்பற்றுவது. ஹோமன்குலஸ்களை மனித மீட்பு முயற்சியின் பிழைவிளைவுகளாகக் காட்டுவது முதல் தொடரே. ஆதலின் இவ்வாய்வு அதனையே எடுத்துக்கொள்கிறது.

பொது மூலமும் தாயின் இறப்பும்

இரு பனுவல்களும் ஒரே மரபிலிருந்து கிளைத்தவை. விக்டர் இளமையில் அகிரிப்பா, பாராசெல்சஸ், ஆல்பர்ட்டஸ் மேக்னஸ் ஆகியோரின் நூல்களில் திளைக்கிறான். ஹோமன்குலஸ் எனும் செயற்கைச் சிற்றுயிரை உருவாக்கும் கருத்தோடு பாராசெல்சஸின் பெயர் நெடுங்காலம் இணைத்துப் பேசப்பட்டு வந்துள்ளது. அவரது குடிப்பெயர் ஹோஹன்ஹைம். அனிமேயில் எல்ரிக் உடன்பிறந்தாரின் தந்தை அப்பெயரையே தாங்கியிருப்பது தற்செயலன்று.

இரண்டிலும் படைப்பு வேட்கைக்கு முன்னர்த் தாயின் இறப்பு நிகழ்கிறது. விக்டர் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுமுன் அவன் தாய் காய்ச்சலில் இறக்கிறாள். படைப்புயிர் கண்விழித்த இரவில், எலிசபெத்தைத் தழுவ அவள் இறந்த தாயின் உடலாக மாறுவதாக அவன் கனவு காண்கிறான். விக்டரின் கனவில் மறைந்து கிடக்கும் இவ்விழைவு எட்வர்ட், ஆல்ஃபோன்ஸ் ஆகியோரிடம் வெளிப்படையான நோக்கமாகிறது. தாய் டிரிஷாவை மீட்க முயன்ற முயற்சியில் எட்வர்ட் ஒரு காலையும் ஆல்ஃபோன்ஸ் முழு உடலையும் இழக்கின்றனர்.

கைவிடுதல் எனும் குற்றம்

விக்டர் தான் அழகெனத் தேர்ந்தெடுத்த உறுப்புகள் உயிர்பெற்ற கணத்தில் அருவருப்புற்று ஓடுகிறான். படுக்கையருகே வந்து கைநீட்டும் உயிரைக் கண்டு மீண்டும் ஓடுகிறான். அதற்கு அவன் பெயரும் இடவில்லை. அவ்வுயிர் அப்போது எவருக்கும் தீங்கு செய்திருக்கவில்லை என்பது கருதத்தக்கது. தன் தம்பியைக் கொன்றது அதுவே என்று உறுதியாக நம்பியும், குற்றமற்ற ஜஸ்டின் தூக்கிலிடப்படுகையில் உண்மையை அவன் வெளியிடாதது அவ்வோட்டத்தின் தொடர்ச்சியே.

எல்ரிக் உடன்பிறந்தாரும் தாம் உருவாக்கிய உடலை விட்டு நீங்குகின்றனர். பின்னர் வீட்டை எரித்து, அந்நாளை மறவாதிருக்க எட்வர்ட் தன் கடிகாரத்தின் உட்புறம் பொறித்துக்கொள்கிறான். அவன் நினைவில் நிறுத்த விரும்புவது விட்டுவந்த வீட்டை. விட்டுவந்த உயிர் அப்பொறிப்பில் இடம்பெறவில்லை. அவ்வுயிரே 'சோம்பல்' எனும் பாவத்தின் பெயரோடு, தாயின் முகத்தோடு அவர்கள்முன் வந்து நிற்கிறது. புதினத்தில் பெயரின்மை படைப்புயிரின் அவலமெனில், தொடரில் படைத்தோரின் பாவமே படைப்புயிரின் பெயராவது அதனினும் கொடிது. ஹோஹன்ஹைம் தன் இறந்த மகனை மீட்க முயன்றதால் தோன்றிய 'பொறாமை', தன்னைக் கைவிட்ட தந்தைமீது கொண்ட வெறுப்பாலேயே இயங்குகிறது. ஷெல்லியின் படைப்புயிர் விக்டர்மீது கொள்ளும் சினத்துக்கு இது மிக அணுக்கமானது.

உடனிருத்தல்

தொடர் புதினத்தினின்று விலகும் இடம் ஆல்ஃபோன்ஸ். தன் வலக்கையை ஈடாகத் தந்து தம்பியின் உயிரை இரும்புக் கவசத்தில் பிணைக்கும் எட்வர்ட், அவ்வகையில் அவனுக்கும் படைப்பாளனே. கவசத்தின் தோற்றம் காண்போரை அச்சுறுத்துவது. தன் நினைவுகள் புனையப்பட்டவையோ, தான் மனிதன்தானோ என்ற ஐயம் ஆல்ஃபோன்ஸையும் வாட்டுகிறது. எனினும் அவன் கொடியவனாவதில்லை. பெயர் சொல்லி அழைக்கவும் உடன் நடக்கவும் ஒருவன் இருக்கிறான். ஒரே இரவில், ஒரே கைகளால் இரு உயிர்கள் உருப்பெறுகின்றன. விடப்பட்டது பகையாகிறது, பற்றிக்கொள்ளப்பட்டது தம்பியாகவே நிலைக்கிறது. விக்டர் உடனிருந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும் எனும் வினாவுக்குத் தொடர் தரும் விடையாக ஆல்ஃபோன்ஸைக் கொள்ளலாம்.

யார் பேசுகிறார்

எனினும் தொடரின் அறம் குறையுடையது. ஷெல்லி தம் புதினத்தின் நடுப்பகுதியைப் படைப்புயிரின் கூற்றுக்கே ஒதுக்குகிறார். குடிசையொன்றின் அருகே மறைந்திருந்து மொழி கற்றதையும், மில்டனின் 'இழந்த சொர்க்கம்' பயின்று ஆதாமோடும் சாத்தானோடும் தன்னை ஒப்பிட்டதையும் அது தானே எடுத்துரைக்கிறது. குற்றம்சாட்டும் உரிமையும் துணை கேட்கும் உரிமையும் அதற்கு உண்டு. 'சோம்ப'லுக்கு இத்தகைய நெடுங்கூற்று வாய்ப்பதில்லை. தாயின் நினைவுகள் தன்னுள் எழுவதை அவள் வெறுப்பதும், அந்நினைவுகளின்று விடுபட உடன்பிறந்தாரைக் கொல்ல முனைவதும் உணர்த்தப்படினும், இறுதியில் எட்வர்ட் நீராலான அவள் உடலைச் சாராயமாக மாற்றி ஆவியாக்கிவிடுகிறான். இது பொறுப்பேற்றலா, இரண்டாம் கைவிடுதலா எனும் வினாவைத் தொடர் எழுப்பி, விடையளிக்காமல் கடந்துசெல்கிறது. தன்னைக் கடிந்துகொள்ளும் வேளையிலும் விக்டர் இறுதியில் தன் நடத்தையில் பழியில்லை என்றே கருதுகிறான். ஆனால் படைப்புயிரின் கூற்றைக் கேட்டுவிட்ட வாசகர் அத்தீர்ப்பை ஏற்க இயலாது. எட்வர்டின் செயலை எடைபோடப் பார்வையாளருக்கு அத்தகைய மறுகூற்று கிட்டுவதில்லை.

முடிவுரை

இரு பனுவல்களும் உயிரைப் படைத்தல் பாவமா என்பதைவிட, படைத்தபின் முகந்திருப்பலாகுமா என்றே வினவுகின்றன. உடனிருத்தலின் ஆற்றலை ஆல்ஃபோன்ஸ் வழியாகக் காட்டியது அனிமேயின் பங்களிப்பு. கைவிடப்பட்டதன் குரலைக் கேட்கச் செய்தது புதினத்தின் பங்களிப்பு. காட்சி ஊடகப் பனுவல்களைச் செவ்வியல் புதினங்களோடு ஒப்பிடுங்கால், கருப்பொருள் ஒற்றுமைகளைப் பட்டியலிடுவதோடு அமையாது, பேசும் உரிமை எவருக்கு எவ்வளவு வழங்கப்பட்டுள்ளது என்பதையும் அளந்தறிதல் ஒப்பாய்வுக்கு இன்றியமையாதது.