ராம்பிக்கு அனுமதி இல்லை

ரேர் நிறுவனம் 1995-ல் சூப்பர் நின்டெண்டோவுக்குச் செய்த 'டாங்கி காங் கன்ட்ரி 2'-ல் சில இடங்களில் ஒரு பலகை நிற்கும். கூட வர்ற விலங்கோட படம், அதைக் குறுக்கே அடிச்சிருக்கும். நெடுஞ்சாலையில் மாட்டுவண்டிக்குத் தடை போடும் பலகை மாதிரியேதான். தாண்டினால் விலங்கு மறைஞ்சிடும். பதிலுக்கு ஒரு பொருள் கிடைக்கும்.

நிரல் எழுதுறவனா எனக்குக் காரணம் புரியுது. அதுக்கப்புறம் வர்ற தடைகள் குரங்குகளுக்காக அமைச்சவை. காண்டாமிருகம் ராம்பி முட்டிக்கிட்டே போனா அத்தனையும் வீண். ஆனா காரணம் சரியா இருந்தாலும் செஞ்ச விதம் சரியில்லைங்க. தோழனைக் காணாமலாக்கிட்டு கையில் கூலி கொடுக்கிறது என்ன நியாயம்?

1990-ல் வந்த 'சூப்பர் மரியோ வேர்ல்ட்'டிலும் இதே சிக்கல்தான். அங்கே கோட்டை வாசலில் மரியோ இறங்கி உள்ளே போவார், யோஷி வெளியே நிற்கும். அடுத்த கட்டத்தில் மறுபடி ஏறிக்கலாம். கட்டுப்பாடு அதேதான், உறவு அறுபடலை.

போன வாரம் என் மகள் பலகைக்கு முன்னாடியே நின்னுட்டா. "தாண்டினா ராம்பி எங்கப்பா போகும்?"

"பரிசு கிடைக்கும் கண்ணு" என்றேன். முறைச்சா. ராம்பியை விட்டு இறங்கி, அதை இந்தப் பக்கமே நிறுத்திட்டு நடந்து போனா.