நோயை எண்ணுதலும் பராமரிப்பை எண்ணுதலும்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

நரம்பியல் நோய்களைப் பற்றிய கணக்கெடுப்புகள் தென்னிந்தியாவில் நாற்பதாண்டு வரலாறு உடையவை. அவை நோயை எண்ணியதில் பெற்ற வெற்றியைப் பராமரிப்பை எண்ணுவதில் பெறவில்லை. வினாவின் சொல், வீடு என்னும் அலகு, மாநில எல்லை ஆகிய மூன்றும் பராமரிப்பின் ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகின்றன என்பதை ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நரம்பியல் நோய், பராமரிப்பு, கணக்கெடுப்பு, வினாநிரல், ஓசூர், எல்லைப் பகுதி

முன்னுரை

பெங்களூருவிலிருந்து தெற்கே ஓசூரை நோக்கி வரும் சாலைக்கு அந்நகரத்தார் இட்ட பெயர் ஓசூர் சாலை. அச்சாலையில்தான் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் அமைந்துள்ளது. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னை 300 கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே பக்கவாதம், வலிப்பு, நடுக்குவாதம், மறதிநோய் முதலியவற்றுக்கு உயர்நிலைச் சிகிச்சை தேடும் எல்லைப் பகுதிக் குடும்பத்திற்கு அண்மையிலுள்ள பெருநகரம் வேறு மாநிலத்தில் இருக்கிறது. சிகிச்சை முடிந்து திரும்பியபின் பல ஆண்டுகள் நீளும் பராமரிப்போ தமிழகத்து வீட்டில் நிகழ்கிறது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் வழங்கும் நிலம். சிப்காட் தொழிற்பேட்டைகளை நம்பிக் குடியேறியவர்கள் வாழும் இடமும் ஆகும். இத்தகைய நிலத்தில் பராமரிப்பை அறியக் கணக்கெடுப்பு என்னும் கருவி எந்த அளவுக்குப் பயன்படும் என்பதே இங்கு எழும் வினா.

நோயின் கணக்கு

1980-களில் கர்நாடகத்தின் கௌரிபிதனூர் பகுதியிலும், 1990-களில் பெங்களூரு நகரம், ஊரகம் ஆகிய இரு பகுதிகளிலும் எம். கௌரி தேவி தலைமையில் நரம்பியல் நோய்க் கணக்கெடுப்புகள் நடைபெற்றன. பின்னதன் முடிவுகள் 2004-இல் விரிவாக வெளியாயின. 1,02,557 பேரை வீடுதோறும் சென்று விசாரித்த அவ்வாய்வு, ஊரகத்தில் நரம்பியல் நோய்களின் விகிதம் நகரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எனக் காட்டியது. வலிப்பு நோய் ஊரகத்தில் ஆயிரவருக்கு 11.9 ஆகவும் நகரத்தில் 5.7 ஆகவும் இருந்தது. மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் நம்பியிருந்தால் இவ்வேறுபாடு புலப்பட்டிராது. மருத்துவமனைக்கு வராதவர் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. வாசற்படி வரை சென்று கேட்டதே அவ்வாய்வின் சிறப்பு.

ஆனால் அதன் நோக்கம் நோயைக் கண்டறிவது. நோயர் ஒருவர் எண்ணப்பட்டவுடன் அவ்வீட்டைப் பொறுத்த அளவில் கணக்கு நிறைவடைகிறது. அவரைத் தூக்கி அமரவைப்பவர் யார், மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பவர் யார், அதற்காக வேலையை விட்டவர் யார் என்பவை அதன் வரம்புக்கு அப்பாற்பட்டவை. இதனை அவ்வாய்வின் குறையாகக் கூறுதல் பொருந்தாது. நோயின் எண்ணிக்கையைக் கொண்டே பராமரிப்புத் தேவையையும் கணித்துவிடலாம் எனக் கருதுவதே பிழை. ஆயிரவருக்கு இத்தனை நோயர் என்ற எண், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கைகள் எத்தனை என்பதைச் சொல்வதில்லை.

வினாவின் சொல்

பராமரிப்பை நேரடியாக அளக்க முயன்ற கருவிகளுள் உலகெங்கும் பரவியது, 1980-இல் ஸ்டீவன் சாரிட்டும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவில் மறதிநோயர் குடும்பங்களுக்காக உருவாக்கிய சுமை நேர்காணல் ஆகும். இன்று பெரிதும் வழங்கும் அதன் வடிவில் 22 வினாக்கள். மொத்த மதிப்பெண் 88. இந்தியாவிலும் இத்துறையில் முன்முயற்சிகள் உண்டு. பை, கபூர் ஆகிய இருவர் 1981-இல் வெளியிட்ட குடும்பச் சுமை நேர்காணல், பணம், அன்றாட அலுவல், ஓய்வு, குடும்ப உறவு, பிறர் உடல்நலம், பிறர் மனநலம் என ஆறு கூறுகளை ஆராய்ந்தது. சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். தாராவும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட 40 வினாக்கள் கொண்ட அளவுகோல், குடும்பத்தாரிடம் முதலில் கேட்டறிந்து அவர்கள் கூறியவற்றிலிருந்து வினாக்களை அமைத்தது. வினா எங்கிருந்து பிறக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி. எனினும் இவ்விரண்டும் மனநோயர் குடும்பங்களை மனத்திற்கொண்டவை. படுக்கைப்புண், சிறுநீர்க்குழாய், விழுங்க இயலாமை என உடலைச் சார்ந்த பராமரிப்பு நரம்பியல் நோயில் பெரிது.

சாரிட் நேர்காணல் நோயரைப் பொதுச்சொல்லால் ‘உறவினர்’ என்று சுட்டுகிறது. தமிழில் உறவினர் என்போர் திருமணத்திற்கு வருவோர்; ஒரே அடுப்பில் உண்போரை அச்சொல் பெரும்பாலும் குறிப்பதில்லை. மகனுக்குச் சோறூட்டும் தாய் அவனை ‘என் உறவினர்’ என்று சொல்வதில்லை. கேட்பவர் அவ்விடத்தில் மகன், வீட்டுக்காரர், மாமியார் என முறைப்பெயரை இட்டாக வேண்டும். அவ்வாறு இட்டவுடன் வினாவின் எடையும் மாறுகிறது. நோயர்மீது கோபம் வருவதுண்டா என்பதைப் பற்றிய வினாவை, மாமியார் செவிப்படும் தொலைவில் படுத்திருக்கும் ஒற்றை அறை வாடகை வீட்டில் மருமகளிடம் கேட்டால் பெறப்படும் விடை அவ்வீட்டின் நாகரிகத்தைக் காட்டுமேயன்றி அவள் மனத்தைக் காட்டாது. ‘சுமை’ என்ற சொல்லும் அத்தகையதே. பெற்றவரைச் சுமை என ஒப்புக்கொள்வது பழியெனக் கருதப்படும் இடத்தில் குறைந்த மதிப்பெண்ணைக் குறைந்த துன்பம் எனக் கொள்ள இயலாது.

நோய்ப்பெயரிலும் இவ்விடர் உண்டு. ‘நரம்பு’ என்பது பேச்சு வழக்கில் இரத்தக் குழாயையும் குறிக்கும். நரம்பில் ஊசி போடுதல் என்பது யாவரும் அறிந்த வழக்கு. ‘நரம்புத் தளர்ச்சி’ என்பதோ பல்வகைச் சோர்வுகளுக்கும் பொதுப்பெயர். எனவே வீட்டில் நரம்பு நோய் உள்ளவர் உண்டா என்ற வினா வேண்டாதவரைச் சேர்க்கும். ‘கைகால் விழுந்துபோனவரை’ விட்டுவிடும். எல்லைப் பகுதியில் இது மேலும் சிக்கலாகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘மூர்ச்சை நோய்’ என்னும் பொருள்படும் தொடர்கள் வலிப்பு நோயைக் குறிக்கின்றன. தமிழில் மூர்ச்சை என்பது மயக்கம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னட வீடொன்றில் சொல்லப்படும் அச்சொல்லைத் தமிழ்க் கணக்கெடுப்பாளர் மயக்கம் எனக் குறித்தால், ஒரு வலிப்பு நோயர் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார். வலிப்பைத் திருமணத் தடையாகக் கருதிய சட்டப்பிரிவு 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் மணவயதுப் பெண் உள்ள வீட்டில் அதனை மறைக்கும் வழக்கம் நீங்கிவிடவில்லை. மறைப்பும் மொழிமயக்கமும் ஒன்றுசேரும்போது பிழை இரட்டிக்கிறது.

வீடு என்னும் அலகு

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 76-ஆம் சுற்று 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை மாற்றுத்திறனாளிகளைப் பற்றி நடைபெற்றது. மாற்றுத்திறனாளிகளுள் ஏறத்தாழ 62 விழுக்காட்டினருக்குப் பராமரிப்பவர் உண்டென்றும், தேவைப்பட்டும் பராமரிப்பவர் கிடைக்காதோர் ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவென்றும் அது காட்டுகிறது. இவ்வெண்ணை மேலோட்டமாகப் படிப்பவர் இந்தியக் குடும்பம் தன் கடமையை நிறைவேற்றிவிட்டதென மகிழலாம். பராமரிப்பவர் உண்டா என்ற வினாவுக்கு, வீட்டில் ஒருவர் இருந்தாலே ‘உண்டு’ என்பதே விடை. அவர் எழுபது வயதுத் துணைவியா, பள்ளியை நிறுத்திய மகளா, இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்காத மகனா என்பதை அவ்விடை வேறுபடுத்துவதில்லை. ‘கிடைக்கவில்லை’ என்னும் கட்டம் வெறுமையாக இருப்பதற்கு ஒரு காரணம், யாரோ ஒருவர் தம் வாழ்வைக் குறுக்கிக்கொண்டு அதனை நிரப்பியிருப்பதே.

2019-இல் நடைபெற்ற காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேறு வழியில் சென்றது. முந்தைய நாள் அதிகாலை நான்கு மணியிலிருந்து 24 மணி நேரத்தை அரைமணிக் கூறுகளாகப் பிரித்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டது. வீட்டாரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டனர். சுமையா என்று மனத்தைக் கேளாமல், நேற்று என்ன நடந்தது என்று நாளைக் கேட்பது இம்முறையின் வலிமை. குழந்தை வளர்ப்பும் இதில் அடங்குவதால் நோயர் பராமரிப்பு தனியே தெரிவதில்லை. நோயர் அருகில் அரைத்தூக்கத்தில் கழியும் இரவு ‘உறக்கம்’ என்ற தலைப்பில் பதிவாகிவிடுகிறது என்பவை அதன் வரம்புகள்.

பொதுச் சமையலில் உண்டு ஒருங்கே வாழ்வோரையே இக்கணக்கெடுப்புகள் ஒரு வீடாகக் கொள்கின்றன. பெங்களூருவில் மணமுடித்து வாழும் மகள் மருத்துவமனை அட்டையை வைத்திருந்து, முன்பதிவு செய்து, தந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்பவளாக இருக்கலாம். அவள் அவ்வீட்டவள் அல்லள். மருத்துவமனையில் நேர்காணல் நடத்தினாலோ நிலை தலைகீழாகும். அங்கு விடையளிப்பவர் விடுப்பெடுத்து உடன்வந்தவர். நாள்தோறும் பராமரிப்பவர் ஊரில் இருக்கிறார். வடமாநிலங்களிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியுள்ள தொழிலாளிக்கு வலிப்பு வரும்போது தாங்கிப்பிடிக்கும் அறைத்தோழர் இவ்விரு கணக்கிலும் இல்லை.

எல்லையும் திட்டமும்

வினாநிரலில் இல்லாதது திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் பக்கவாதம், நடுக்குவாதம் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு அளவில் நீட்டிப்பு உதவி வழங்குகிறது. இது நோயுற்ற தொழிலாளிக்கு உரியது. நோயுற்றவர் தாயாகவும் தொழிலாளி அவரைப் பார்க்கும் மகனாகவும் இருப்பின் தாய்க்கு மருத்துவம் உண்டு. மகன் இழந்த ஊதியத்திற்கு ஈடில்லை. எத்தனை ஊதிய நாள்கள் இவ்வாறு இழக்கப்படுகின்றன என்பதைக் கேட்கும் கணக்கெடுப்பு இருந்தால்தான் ஈடு கோரும் குரலுக்கு எண் கிடைக்கும்.

2021 ஆகஸ்ட் 5-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டிற்கே வருகின்றன. வீட்டுக்குள் நுழையும் இவ்வாய்ப்பு முன்னைய கணக்கெடுப்புகளுக்கு ஒரேயொரு முறைதான் கிட்டியது. இத்திட்டத்திற்கோ மீண்டும் மீண்டும் கிட்டுகிறது. நோயரின் இரத்த அழுத்தத்தைக் குறிக்கும் ஏட்டில் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஒரு வரி ஒதுக்கினால், தனிக் கணக்கெடுப்பு இன்றியே தொடர்ச்சியான பதிவு உருவாகும்.

பொதுக்கருவியை விட்டு உள்ளூர் வினாக்களை நாடினால் ஒப்பீடு கெடும் என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. சென்னை, வேலூர் பகுதிகளிலும் பிற நாடுகளிலும் மறதிநோயை ஆராய்ந்த 10/66 ஆய்வுக்குழு, ஒரே வகைக் கருவிகளைப் பயன்படுத்தியதாலேயே நாடுகளுக்கிடையே ஒப்பிட முடிந்தது. ஆகவே பொதுக்கருவியைக் கைவிட வேண்டியதில்லை. அதனோடு நான்கு வினாக்களைச் சேர்த்தால் போதும். நேற்று நோயருக்கு எவரெவர் என்னென்ன செய்தனர்? வீட்டிற்கு வெளியிலிருந்தும் மாநிலத்திற்கு வெளியிலிருந்தும் உதவியவர் யார்? சென்ற மாதத்தில் எவருடைய ஊதிய நாள் எத்தனை குறைந்தது? நோயை வீட்டார் எம்மொழியில் எச்சொல்லால் அழைக்கின்றனர்? இறுதி வினாவின் விடையைக் குறியீடாக மாற்றுவதற்கு முன் சொன்னவாறே எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

வீடுதோறும் சென்று நோயை எண்ணிய முன்னோடி ஆய்வுகள், மருத்துவமனைச் சுவருக்கு வெளியே நோயர் உண்டு என்பதை நிறுவின. அதே படிமுறையில், நோயருக்கு அருகில் இருப்பவரை எண்ணுவது அடுத்த பணியாகும். ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதியில் அவர் வேறு மொழி பேசலாம். வேறு மாநிலத்தில் வாழலாம். கணக்கெடுப்பாளர் வரும் நேரத்தில் ஆலையில் இருக்கலாம். அவரை ஒருவராகவே கொள்வதும் பொருந்தாது. மூவர் நால்வர் தமக்குள் பகிர்ந்துகொண்ட பணியாகவும் அது இருக்கலாம். பராமரிப்பவர் உண்டா என்ற வினா ‘ஆம்’ என்ற விடையோடு முடிந்துவிடும் வரை, அவர்களுக்குத் தேவை ஒன்றுமில்லை என்றே ஏடுகள் சொல்லிக்கொண்டிருக்கும்.