அச்சுக்குள் அடைபடும் அரும்புகள்

கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் நாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். ஒருநாள், ஆட்டின் படம் அச்சிட்ட தாளை ஆளுக்கொன்றாய்க் கொடுத்தோம். படத்துக்கு வண்ணம் தீட்டவேண்டும்; ‘ஆடு’ என்று ஐந்து முறை எழுதவேண்டும். “எங்க ஆடு நேத்து ரெண்டு குட்டி போட்டுச்சு சார்! ஒண்ணு கறுப்பு!” என்று துள்ளி எழுந்தாள் ஒரு சிறுமி. “பேசாமல் எழுது” என்றோம். எழுதினாள், ஐந்து முறை, மேற்கொண்டு பேசவில்லை. அந்தப் பயிற்சிக்கு நாம் இட்டிருந்த பெயர் என்ன தெரியுமா தோழர்களே? படைப்பாற்றல் பயிற்சி!

தவறு நம்முடையது. ஆனால் நம்மோடு நின்றுவிடும் தவறன்று அது. ஆகவேதான் எழுதுகிறோம்.

தமிழகம் இத்துறையில் உறங்கிக் கிடக்கவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவிற்று. ஆசிரியரின் கைக்கு மட்டுமே எட்டிய கரும்பலகை, பிள்ளையின் கைக்கும் எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் விளைந்த இழப்பை ஈடுகட்ட, 2022 சூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கப்பட்டது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் கொண்டு கற்பிக்கும் திட்டம் அது. பின்தங்கிய பிள்ளையை மக்கு என்று ஒதுக்காமல் அரும்பு என்று அழைத்தது பண்பாடன்றோ? பாராட்டுகிறோம்.

பாராட்டியபின் ஒன்று கேட்கிறோம். பாட்டு யாருடையது? கதை யாருடையது? பிறர் பாடியதைப் பாடுவதும், பிறர் வரைந்ததற்கு வண்ணம் பூசுவதும் பயிற்சியாகலாம், படைப்பாகுமா? வெட்டினோம், ஒட்டினோம், ஆடினோம், கைதட்டினோம். ஆனால் பிள்ளையின் சொந்த வாக்கியம் ஒன்றேனும் ஏட்டில் ஏறியதா?

நியூசிலாந்தில் மாவோரிப் பழங்குடிக் குழந்தைகளுக்குக் கற்பித்தவர் சில்வியா ஆஷ்டன்-வார்னர். 1963இல் வெளிவந்த தம் நூலில் அவர் காட்டிய வழி எளியது. “உனக்கு என்ன சொல் வேண்டும்?” என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டார். அச்சமோ அன்போ, எந்தச் சொல் அதன் நெஞ்சில் கிடந்ததோ, அதை அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். மறுநாள் அடையாளம் தெரியாத அட்டையை அகற்றினார். உயிருள்ள சொல் ஒருமுறை பார்த்தாலே பதியும். உயிரற்ற சொல் நூறு முறை எழுதினும் ஒட்டாது என்பதே அவர் கண்டது.

“கொச்சை மொழியை வகுப்பில் எழுதவிடுவதா?” என்று சினப்போர் உண்டு. பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே முதலில் கரும்பலகையில் எழுதுவோம். ‘போட்டுச்சு’ என்பதன் பக்கத்தில் ‘போட்டது’ என்று பிறகு எழுதுவோம். வீட்டுப் பேச்சிலிருந்து நூல்வழக்குக்குப் பிள்ளை தானே நடந்து வரும். வீட்டுப் பேச்சை இழிவென்று விரட்டினால், பேச்சோடு பிள்ளையும் ஓடிவிடும்.

“நேரமேது?” என்பார் சிலர். நாளொன்றுக்கு ஒரு பிள்ளையின் ஒரு வாக்கியம், அதை வகுப்பு முழுதும் படிக்கட்டும், படம் வரையட்டும், அடுத்து என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்லட்டும். கால்மணி நேரம் போதும். செலவு, ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி!

இது வெறும் பாடமுறைச் சண்டையன்று. தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இவர்கள். எழுத்து என்பது பிறர் சொன்னதைப் படியெடுப்பதே என்று ஏழு வயதில் கற்பவர், இருபது வயதில் எதையும் ஏன் என்று கேட்பாரா?

ஒரு வாரம் கழித்து அச்சிறுமியிடம் நாமே போய்க் கேட்டோம். அவள் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினோம். வகுப்பே உரக்கப் படித்தது. படித்து முடித்ததும் அவள் எழுந்து வந்து, ‘கறுப்பு’ என்ற சொல்லைத் தொட்டுப் பார்த்தாள். “இன்னொண்ணு வெள்ளை சார், அதையும் எழுதுங்க” என்றாள்.

சுண்ணக்கட்டியை அவளிடமே கொடுத்தோம்.